கூடிப் பயிலும் சுவை: கருத்தரங்கத் தலைமை உரை

சமூக உறவுக்கும் இலக்கியப் பழக்கத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய இக்கருத்தரங்கு கூடியிருக்கிறது. பழக்கம் தனிமனிதரின் மன உறுதியால் விளைவது என்றும், ஒத்த விருப்பமுடையோர் பின்னர் ஒருவரையொருவர் தேடிக் கூடுகின்றனர் என்றும் கருதுவது பொதுவழக்கு. கடந்த நூற்றாண்டின் தமிழ் இலக்கிய வரலாறோ இவ்வரிசையைப் பல இடங்களில் மாற்றிக் காட்டுகிறது. அங்கு உறவு முதலில் அமைய, அதன் வழியே பழக்கமும், பழக்கம் முதிர்ந்தபின் பற்றும் தோன்றியுள்ளன. திரும்பத் திரும்பச் செய்வதால் தனி முயற்சியின்றியே நிகழும் செயலைப் பழக்கம் என்றும், பயன் கருதாது ஒரு பொருளில் நிலைத்து நிற்கும் ஈடுபாட்டைப் பற்று என்றும் இவ்வுரை கொள்கிறது.

இத்தொடர்பைச் சமூகவியலார் முன்பே கண்டுள்ளனர். பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம் 1912இல் வெளியிட்ட சமய வாழ்வு பற்றிய நூலில், மக்கள் ஓரிடத்தில் கூடி ஒரே பொருளில் மனம் செலுத்தும்போது தனித்திருக்கையில் எழாத ஓர் எழுச்சி அவர்களிடையே எழுவதைக் கூட்டுக் கிளர்ச்சி என்று விளக்கினார். கூட்டம் கலைந்ததும் அவ்வெழுச்சி தணியும் என்பதும், ஆதலால் குறித்த கால இடைவெளியில் மீண்டும் கூடுவது இன்றியமையாதது என்பதும் அவர் கருத்தின் மறுபாதி. கூடுதலைப் போலவே மீண்டும் கூடுதலும் முக்கியம் என்னும் இம்மறுபாதியே தமிழ்ச் சூழலைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவுகிறது.

இதற்குத் தக்க சான்று திருநெல்வேலியில் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் (டி.கே.சி.) இல்லத்தில் நிகழ்ந்த வட்டத்தொட்டி என்னும் இலக்கியக் கூட்டம். அங்கு நண்பர்கள் வாரந்தோறும் கூடினர். அவர்கள் ஒரே பாடலை நெடுநேரம் சுவைத்தனர். டி.கே.சி. ஒரு கம்பன் பாடலை மெல்லச் சொல்லி, ஒரு சொல்லில் நின்று, அதையே மறுபடியும் வேறு குரலில் சொல்லி, கேட்போர் முகத்தில் பொருள் தெளிந்த பின்னரே அடுத்த அடிக்குச் செல்வார். அவ்வட்டத்தைச் சேர்ந்தோர் பலர் தமிழைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர் என்பது கருதத்தக்கது. டி.கே.சி.யே சட்டம் பயின்று, பின்னர் அறநிலையத் துறை ஆணையராகப் பணியாற்றியவர். தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான் வருவாய்த் துறை அலுவலர், எஸ். மகராஜன் நீதித்துறையினர், அ. சீனிவாசராகவன் ஆங்கிலப் பேராசிரியர். அலுவல் முடிந்து நண்பர் வீட்டுக்குச் செல்லும் வழக்கமே இவர்களுள் பலரை வாழ்நாள் முழுவதும் கம்பனில் தோய வைத்தது.

இவ்வாறு கூடிப் பயில்வது கற்றோர் வீடுகளோடு நின்றுவிடவில்லை. திராவிட இயக்கம் வளர்ந்த காலத்துப் படிப்பகங்களிலும், தேநீர்க் கடைகளிலும், முடிதிருத்தும் நிலையங்களிலும் ஒரே செய்தித்தாள் தாள்தாளாகப் பிரிந்து பல கைகளுக்குச் செல்ல, எழுத்தறிந்த ஒருவர் தலையங்கத்தை உரக்கப் படிக்க, எழுத்தறியாதோரும் கேட்டு விவாதித்தனர். பத்திரிகையை விலைகொடுத்து வாங்க இயலாதவரையும் நாள்தோறும் அதை எதிர்பார்ப்பவராக ஆக்கியது அங்குப் பெஞ்சில் கூடி அமர்ந்த உறவு. வீடுகளுக்குள் பெண்களிடையே இதே பணியை வார இதழ்த் தொடர்கதைகள் செய்தன. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தபோது, ஒருவர் படிக்கப் பிறர் கேட்பதும், இதழ் கைமாறுவதும், அடுத்து நிகழப்போவதை அண்டை வீட்டாருடன் ஊகிப்பதும் வாசிப்பின் பகுதிகளாகவே இருந்தன.

எனினும் உறவு வளர்க்கும் பற்றுக்கு இரு குறைகள் உண்டு. முதலாவது, உறவு எவரைச் சேர்க்கிறதோ அவர்களுக்கே பழக்கமும் வாய்க்கிறது. படிப்பகப் பெஞ்சு பெரும்பாலும் ஆண்களுக்கு உரியதாக இருந்தது. நட்புவட்டங்கள் சாதி, கல்வி, பதவி ஆகியவற்றின் எல்லைகளை எளிதில் கடக்கவில்லை. இரண்டாவது, நெருக்கம் மறுப்பைத் தளர்த்துகிறது. டி.கே.சி. தம் சுவையையே அளவுகோலாகக் கொண்டு, கம்பராமாயணத்தின் பாடல்கள் பலவற்றைக் கம்பன் வாக்கன்று என விலக்கினார். சில இடங்களில் பாடத்தையும் திருத்தினார். இதற்குப் புலவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. சுவைக்கக் கற்றுக்கொடுத்த அன்பே சுவடியை வைத்துச் சரிபார்க்கும் கடமையைப் பின்னுக்குத் தள்ளியது என்று கொள்வதில் பிழையில்லை.

பற்று ஒருவரைச் சார்ந்து நிற்பதா, ஓர் ஒழுங்கைச் சார்ந்து நிற்பதா என்பது அடுத்த வினா. 1954இல் டி.கே.சி. மறைந்தபின் வட்டத்தொட்டி பழைய வடிவில் நீடிக்கவில்லை. சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகமோ 1982இல் அவர் மறைந்த பின்னரும் தொடர்ந்து விழா எடுத்துவருகிறது. பங்குனியில் காரைக்குடியில் தொடங்கும் விழா, கம்பன் நினைவிடம் அமைந்த நாட்டரசன்கோட்டையில் அத்த நட்சத்திர நாளன்று நிறைவுறும். குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிப்பது அவ்விழாவின் பெயர்பெற்ற கட்டுப்பாடு. நாள், இடம், நேரம் ஆகிய மூன்றும் மாறாதிருந்தமையால், அன்பர் தலைமுறைகள் மாறியும் வழக்கம் மாறவில்லை. சென்னை, புதுச்சேரி, யாழ்ப்பாணம், கொழும்பு எனப் பல ஊர்களில் கம்பன் கழகங்கள் தோன்றியமை, ஓர் ஊரில் வேரூன்றிய முறை பிற ஊர்களிலும் பின்பற்றத்தக்கதாக இருந்ததைக் காட்டுகிறது.

ஆகவே நட்பு சுவையைத் தோற்றுவிக்கிறது. ஒழுங்கு அதைக் காக்கிறது. மாற்றுக் கருத்துக்கு இடம் தரும் அவையே அதைத் திருத்துகிறது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் பற்று மங்கும், அல்லது வெறியாகும். வாசிப்பு குறைந்துவிட்டதென்று இளைஞரைக் குறைகூறும் அறிவுரைகளால் பயன் சிறிதே. அவர்கள் யாருடன், எங்கு, எந்த நாளில் கூடிப் படிக்க இயலும் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

இவ்வரங்கில் கட்டுரை வழங்கும் ஆய்வாளர்கள், எழுதப்பட்ட நூல்களோடு அவற்றைக் கூடிப் படித்த இடங்களையும் ஆய்வுப் பொருளாகக் கொள்ள வேண்டும். ஊர்தோறும் மூடிக்கிடக்கும் படிப்பகங்களின் வருகைப் பதிவேடுகளும், சிறு மன்றங்களின் அழைப்பிதழ்களும், முதியோர் நினைவுகளும் அழியுமுன் திரட்டப்பட வேண்டும். அப்பணிக்கு இக்கருத்தரங்கு தொடக்கமாக அமைக. அமர்வுகள் இனிதே தொடங்குக.