தேநீருக்கு முன் ஒரு குளிசை

ஹந்தானை மலையில் பனி விலகுமுன்னே கண்டியில் வீட்டுக்கு வீடு தேநீர் கொதிக்கும். தைரொயிட் சுரப்புக் குறைவுக்குத் தைரொக்சின் குளிசை எடுப்பவர்களே, அந்தக் கோப்பையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வெறும் வயிற்றில், தண்ணீரோடு குளிசை. தேநீர் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். சேர்த்து விழுங்கினால் தைரொக்சின் உடலில் சரியாகச் சேராது, களைப்பும் போகாது.

இந்தக் குளிசை எடுப்பவர்கள் பலருக்கு இருப்பது, 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ விவரித்த நோய். இதில் உடலின் எதிர்ப்புச் சக்தியே தைரொயிட்டைத் தாக்குகிறது. அயடீனைக் கூட்டிச் சாப்பிடுவது இதற்கு மருந்தல்ல.

ஒழுங்காகக் குளிசை எடுத்தும் வீட்டுப் படியேற முடியவில்லையா? அதைச் சோம்பல் என்று யாரும் சொல்லவேண்டாம், மனம் நோகும். இரும்புச்சத்து, விற்றமின் பி12, டி அளவுகளையும் பார்க்கவேண்டுமா என்று அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் கேளுங்கள்.