அக்காவோட பிளாக்கைத் தேடி ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள்ள

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

போன மாசம் பரமக்குடிக்கு, எங்க வீட்டுக்குப் போயிருந்தேன். போன உடனே அக்கா ஒரு வேலை கொடுத்தா. "டேய், நான் காலேஜ் படிக்கும்போது ஒரு பிளாக் எழுதினேன்ல, அதைக் கண்டுபிடிச்சுக் கொடு. பேரும் ஞாபகம் இல்ல, எந்த மெயில் ஐடின்னும் ஞாபகம் இல்ல."

2009, 2010 சமயம். தமிழ்ல பிளாக் எழுதறது உச்சத்துல இருந்த காலம். இ-கலப்பையோ என்எச்எம் ரைட்டரோ போட்டுத் தமிழ்ல தட்டணும், தமிழ்மணம் திரட்டியில இணைக்கணும், அப்புறம் பின்னூட்டம் வந்திருக்கான்னு மணிக்கொரு தடவை எட்டிப் பார்க்கணும். அக்கா புனைபெயர்ல எழுதினா. வீட்டுல என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

அதுல பாதிக்கு மேல எங்க அம்மாச்சி சொன்னதுதான். அம்மாச்சி வீடு வைகைக்கு அந்தப் பக்கம், எமனேஸ்வரத்துல. தறிக்குத் தார் சுத்திக்கிட்டே கதை, விடுகதை, ஊர்ச் சண்டைன்னு எல்லாத்தையும் சொல்வாங்க. அக்கா கேட்டுட்டு வந்து ராத்திரி உட்கார்ந்து தட்டி வைப்பா. அம்மாச்சி போய்ப் பத்து வருஷம் ஆச்சு. அவங்க பேசின ஒரு ஆடியோகூட எங்ககிட்ட இல்ல. அந்த பிளாக் கிடைச்சாத்தான் உண்டு.

கூகுள்ல தேடிப் பார்த்தேன். பேரும் தெரியாது, அதுல இருந்து ஒரு வரிகூட சரியா ஞாபகம் இல்ல, எதை வெச்சுத் தேடறது? அப்போதான் அக்கா, "பழைய கம்ப்யூட்டர்ல புக்மார்க் போட்டு வெச்சிருந்தேன்டா"ன்னா. அந்தக் கம்ப்யூட்டர் பரண்ல கிடந்துச்சு. ஸ்விட்ச் போட்டா ஃபேன்கூட சுத்தல. ஆனா உள்ளே 80 ஜிபி ஹார்ட் டிஸ்க் அப்படியே இருந்துச்சு.

உங்க வீட்டுப் பரண்லயும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். அதனால நான் செஞ்ச வரிசையிலேயே சொல்றேன்.

முதல்ல டிஸ்க்கோட பின்பக்கம் பாருங்க. ரெண்டு வரிசையா நிறைய பின் நீட்டிக்கிட்டு, அகலமான பட்டை கேபிள் போடற மாதிரி இருந்தா அது ஐடிஇ. மெல்லிசா இருந்தா சாட்டா. ரெண்டையும் யூஎஸ்பில மாட்ட அடாப்டர் கிடைக்குது. ஆனா டெஸ்க்டாப்ல இருந்து எடுத்த 3.5 இன்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேணும், யூஎஸ்பில வழக்கமா 5 வோல்ட்தான் வரும். தனி பவர் சப்ளையோட வர்ற அடாப்டரா பார்த்து வாங்குங்க.

இப்போ என் தப்பு. அவசரப்பட்டு நேரா விண்டோஸ் லேப்டாப்ல மாட்டிட்டேன். "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யணும், செய்யவா?"ன்னு ஒரு பெட்டி வந்துச்சு. பழக்க தோஷத்துல 'ஓகே' அழுத்தியிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். இந்தக் கேள்வி வந்தா ரத்து செஞ்சுட்டு வயரை உருவிடுங்க. 'டிஸ்க்கை சரி பண்றேன்'னு வர்ற எதையும் ஓட்டாதீங்க. சாகப்போற டிஸ்க்ல எழுதறது, விழப்போற சுவர்ல ஆணி அடிக்கிற மாதிரி.

அப்புறம் லினக்ஸ்ல மாட்டி, டிடிரெஸ்க்யூன்னு ஒரு இலவச நிரலை ஓட்டினேன். டிஸ்க்கை மொத்தமா அப்படியே ஒரு கோப்பா நகல் எடுக்கும். நல்லா இருக்கற பகுதியை முதல்ல எடுத்துக்கும், படிக்க முடியாத இடத்தைக் குறிச்சு வெச்சுட்டு அப்புறமா திரும்ப முயற்சி பண்ணும். ராத்திரி முழுக்க ஓடுச்சு. சில இடம் கடைசி வரைக்கும் வரவே இல்ல. அதுக்கப்புறம் எல்லா வேலையும் நகல்லதான், அசல் டிஸ்க்கைத் தொடவே இல்ல. உங்க டிஸ்க் 'டக், டக்'னு சத்தம் போட்டாலோ சுத்தவே இல்லன்னாலோ நீங்க முயற்சி பண்ணாதீங்க. அது டேட்டா மீட்கறவங்க வேலை.

இனி புக்மார்க் எங்கே இருக்குன்னு பார்ப்போம். எக்ஸ்பி சிஸ்டம்ல 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்', அதுக்குள்ள பயனர் பேரு, அதுக்குள்ள மறைச்சு வெச்ச 'அப்ளிகேஷன் டேட்டா'. அங்கே மொஸில்லா, ஃபயர்ஃபாக்ஸ், புரொஃபைல்ஸ்னு உள்ளே போகணும். 2008-ல வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3-ல இருந்து புக்மார்க், ஹிஸ்டரி ரெண்டும் 'பிளேசஸ்'ங்கற ஒரே எஸ்க்யூலைட் கோப்புல இருக்கும். குரோம்னா 'புக்மார்க்ஸ்'னு பேரு வெச்ச கோப்பு, நோட்பேட்லயே திறக்கலாம். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்னா 'ஃபேவரிட்ஸ்' ஃபோல்டர், ஒவ்வொரு லிங்க்கும் தனித்தனிக் கோப்பு.

எங்க பிளேசஸ் கோப்பு திறக்கல. கெட்டுப்போன இடம் சரியா அதுக்கு நடுவுல விழுந்திருந்துச்சு. சோர்ந்து போய் உட்கார்ந்தப்போ பக்கத்துலயே 'புக்மார்க்பேக்கப்ஸ்'னு ஒரு ஃபோல்டர் கண்ல பட்டுச்சு. ஃபயர்ஃபாக்ஸ் தானாவே நாள்வாரியா எடுத்து வைக்கிற நகல்கள். கடைசி நகல் முழுசா திறந்துச்சு.

'என்னுது'ன்னு ஒரு ஃபோல்டர், உள்ளே 61 லிங்க். முதல் லிங்க்கே அக்காவோட பிளாக். ஒவ்வொண்ணுலயும் சேர்த்த நேரம்கூட இருக்கும், 1970-ல இருந்து எத்தனை மைக்ரோ செகண்டுன்னு. (குரோம் 1601-ல இருந்து எண்ணும், குழம்பிடாதீங்க.) மாத்திப் பார்த்தா 2009 ஆகஸ்ட், ராத்திரி 11.40. "அம்மா தூங்கினதுக்கு அப்புறம்தான் எழுதுவேன்"னு அக்கா சிரிச்சா.

முகவரியைத் தட்டினேன். திறந்துச்சு! 23 பதிவும் இருந்துச்சு. படங்கள் மட்டும் இல்ல. அதையெல்லாம் வேற ஒரு இலவச தளத்துல ஏத்தியிருந்தா, அது இப்போ இல்ல. மீதி 60 லிங்க், அவ படிச்ச மத்த பிளாக்குகள். அதுல 35 திறக்கல. அந்த 35-ல 12 மட்டும் வேபேக் மெஷின்ல கிடைச்சுது. மத்ததை எழுதினது யாரு, இப்போ எங்கே இருக்காங்க, தெரியாது.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. 2013-ல இருந்த இணையப் பக்கங்கள்ல 38 சதவீதம் பத்து வருஷம் கழிச்சு இல்லன்னு பியூ ஆய்வு மையம் 2024-ல சொல்லுச்சு. ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபர்ல மூடினப்போ லட்சக்கணக்கான பக்கங்கள் ஒரேயடியா போச்சு.

புக்மார்க்ங்கறது ஒரு வீட்டு முகவரி எழுதின துண்டுச் சீட்டு, அவ்வளவுதான். சீட்டைப் பத்திரமா வெச்சிருந்தாலும் வீடு நிக்கும்னு உத்தரவாதம் இல்ல. ரொம்ப முக்கியமான பக்கம்னா, பக்கத்தையே பிடிஎஃபா எடுத்து வைங்க, வேபேக் மெஷின்லயும் அந்த முகவரியைக் கொடுத்துச் சேமிங்க. அன்னைக்கே 23 பதிவையும் இறக்கி மூணு இடத்துல வெச்சுட்டேன்.

கடைசிப் பதிவுல அம்மாச்சி போட்ட ஒரு விடுகதை: "நூறு பேர் நீட்டிப் படுத்திருக்கான், ஒருத்தன் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கான், அவன் நின்னா வீட்டு அடுப்பும் நிக்கும்." கீழே அக்கா எழுதியிருக்கா: "விடை அடுத்த பதிவில்." அடுத்த பதிவு எழுதவே இல்ல. அவளுக்கும் விடை ஞாபகம் இல்ல. நாங்க ரெண்டு பேரும் கூகுள்ல தேடிக்கிட்டு இருந்தோம்.

காபி கொண்டு வந்த அம்மா திரையைக்கூடப் பார்க்கல. "நாடாடா. தறியில ஓடுற நாடா. படுத்திருக்கறது பாவு. எங்கம்மா எனக்கு ஆறு வயசுல போட்ட விடுகதை. இன்னும் நிறைய இருக்கு, நீங்க எங்கே கேட்டீங்க?"

அன்னைக்கு ராத்திரி ஃபோன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணி அம்மா பக்கத்துல வெச்சோம். ரெண்டு மணி நேரம் பேசினாங்க.

இந்த வாரம் உங்க வீட்டுலயும் யாரையாவது அப்படிப் பேச வைங்க. ஹார்ட் டிஸ்க்கை அடுத்த வாரம் பார்த்துக்கலாம்.