எழுத்தாற் பேசும் தொலைபேசி



வானொலியிலே பேசுகின்றவன் ஒன்றை நம்பியே பேசுகின்றான். தன் குரல் கேட்போர் செவிக்கு எட்டும் என்பதே அந் நம்பிக்கை. அந் நம்பிக்கை செல்லாத ஒரு சாராரைப் பற்றியே இன்று சில நிமிட நேரம் பேச எண்ணுகின்றேன். செவிப்புலன் அற்றோர் தொலைபேசியிற் பேசத் தொடங்கியது எங்ஙனம்? பின்னர்க் கணினி வந்தபோது, அதனோடு வந்த மோடம் என்னும் கருவி அவர்க்குத் துணையாயது எவ்வாறு? துணையாகாது நின்றது எவ்விடத்து? இவையே இப் பேச்சின் பொருள். நான் கூறப்போகும் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்தவை. ஆயினும் அவை உணர்த்தும் பாடம் எந் நாட்டிற்கும் உரியது.

தொலைபேசிக்கு 1876ஆம் ஆண்டு மார்ச் மாதம் 7ஆம் திகதி காப்புரிமை பெற்றவர் அலெக்சாந்தர் கிரகாம் பெல். அவர் பொஸ்ரன் நகரிலே செவிப்புலனற்ற மாணவர்க்குப் பேச்சுக் கற்பித்த ஆசிரியர். அவருடைய தாயார் செவி மந்தமானவர். அவர் மணந்த மேபல் அம்மையாரோ சிறு பராயத்திற் கண்ட கடுங்காய்ச்சலாற் செவிப்புலனை இழந்தவர்; ஒரு காலத்தில் அவரிடமே பாடங் கேட்டவர். செவிகேளாதவர் மத்தியில் வாழ்ந்து, அவர்க்காக உழைத்த ஒருவருடைய கையினின்றும் பிறந்த கருவி, அவர்கள் ஒருவராலும் பயன்படுத்த முடியாத கருவியாய் அமைந்தது.

இதனை இன்னுஞ் சற்று நினைத்துப் பார்த்தல் வேண்டும். தொலைபேசிக்கு முன்னர்த் தந்தி இருந்தது. தந்தி எழுத்தை அனுப்பியது. தாளில் எழுதப்பட்டு வந்த செய்தியைக் காதுள்ளவரும் காதில்லாதவரும் ஒன்றுபோலப் படித்தனர். தொலைபேசி வந்து, வீடும் கடையும் வைத்தியசாலையும் அதனை நம்பி நடக்கத் தொடங்கியபோதே செவிப்புலனற்றோர் பின்தள்ளப்பட்டனர். அவருடைய காதுகள் முன்னிருந்தபடியே இருந்தன. அவரைச் சூழ்ந்த ஏற்பாடுகளே மாறின.

அதன் விளைவு யாது? நண்பரைக் காண விரும்பிய ஒருவர், அவர் வீட்டிலிருக்கின்றாரா என்பதை அறிய வழியின்றி நெடுந்தூரம் சென்று, பூட்டிய கதவைக் கண்டு திரும்புவார். நள்ளிரவிற் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வைத்தியரை அழைக்க அயல்வீட்டுக் கதவைத் தட்டுவார். காது கேட்கும் பிள்ளை வீட்டில் இருப்பின், பெற்றோருக்கு வந்த கடன் செய்தியையும் நோய்ச் செய்தியையும் அப் பிள்ளையே தொலைபேசியிற் கேட்டுச் சொல்ல வேண்டும். பத்து வயதுப் பிள்ளை தன் தந்தையின் வேலை விண்ணப்பத்தைப் பற்றி அந்நியர் ஒருவரோடு பேசுகின்ற நிலையை எண்ணிப் பாருங்கள். பிள்ளைக்கு அது சுமை. தந்தைக்கு அது மானக்குறை.

இந் நிலை ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் நீடித்தது. 1964ஆம் ஆண்டிலே கலிபோர்ணியா மாநிலத்தில் மூவர் அதனை மாற்றினர். றொபேட் வைற்பிறெக்ற் என்பவர் பௌதிகவியல் அறிஞர். வானொலிப் பொறிகளைத் தாமே அமைத்துப் பழகியவர். ஜேம்ஸ் மார்ஸ்ரேர்ஸ் என்பவர் பல் வைத்தியர். அன்ட்றூ சாக்ஸ் என்பவர் தொழில் முயற்சியாளர். மூவரும் செவிப்புலனற்றவர். பிறர் வந்து தமக்குச் செய்யட்டும் என்று காத்திராது, தமக்கு வேண்டியதைத் தாமே செய்துகொண்டனர் என்பது கவனிக்கத்தக்கது.

பத்திரிகைக் காரியாலயங்களிலே முன்னர் செய்திகள் தாமாகவே அச்சாகி வந்த ரெலிபிறின்ரர் என்னும் பொறியை நேயர்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். ஓரிடத்திலே தட்டும் எழுத்து வேறோரிடத்திலே தாளில் அச்சாகும். இப் பொறியைச் சாதாரண தொலைபேசிக் கம்பியோடு இணைத்தால் செவிப்புலனற்றோர் எழுத்தாற் பேசலாம். ஆயின் ஒரு தடை இருந்தது. தம்முடைய கம்பியிலே பிறர் செய்த கருவி எதனையும் நேரே பொருத்தத் தொலைபேசிக் கம்பனி அனுமதிப்பதில்லை. ஆகவே வைற்பிறெக்ற் ஓர் உபாயஞ் செய்தார். தொலைபேசியின் கைபிடியை எடுத்து ஒரு சிறு பெட்டியின்மேல் வைத்தார். பொறியின் மின்குறிகளை அப் பெட்டி இரண்டு சுரங்களாக மாற்றிப் பேசும் வாய்க்குள் ஒலித்தது. மறுபுறத்திலே கேட்கும் வாயிலிருந்து வந்த சுரங்களை அத்தகைய பெட்டியொன்று கேட்டு, மீண்டும் மின்குறிகளாக்கிப் பொறிக்குக் கொடுத்தது. கம்பனியின் கம்பியை ஒருவருந் தொடவில்லை. இவ்வாறு அவ்வாண்டு மே மாதத்திலே றெட்வூட் நகரிலிருந்த வைற்பிறெக்ற், பல நூறு மைலுக்கு அப்பால் பசடீனாவிலிருந்த மார்ஸ்ரேர்ஸோடு எழுத்தாற் பேசினார்.

அச் சுரங்கள் எழுத்தைச் சுமந்த விதத்தை எளிதில் விளக்கலாம். உங்கள் ஒரு கையை உயர்த்துங்கள். ஐந்து விரல்களுள் சிலவற்றை நிமிர்த்தியும் சிலவற்றை மடக்கியும் பிடித்தால் முப்பத்திரண்டு வடிவங்கள் கிடைக்கும். ஒவ்வொரு வடிவத்திற்கும் ஓர் எழுத்தெனக் கொள்க. நிமிர்ந்த விரலுக்கு விநாடிக்கு 1,400 அதிர்வுள்ள சுரம். மடங்கிய விரலுக்கு 1,800 அதிர்வுள்ள சுரம். இதுவே போடோ குறிமுறை எனப்படுவது. பிரெஞ்சுத் தந்தி அறிஞர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. ஆங்கில எழுத்து இருபத்தாறோடு இலக்கங்களும் நிறுத்தக் குறிகளும் சேர முப்பத்திரண்டு வடிவங்கள் போதா. ஆகவே 'இனி வருவன இலக்கங்கள்', 'இனி வருவன எழுத்துக்கள்' என அறிவிக்கும் இரு குறிகள் வைக்கப்பட்டன. கம்பியின் இரைச்சலில் அவ்வறிவிப்பு ஒன்று தவறிவிட்டால், சொற்களுக்குப் பதிலாக இலக்கங்கள் வரிசையாக வந்து விழும். பழகியவர் அதனையும் படித்துப் பொருள் கொண்டனர்.

இம்முறையில் ஒருவர் தட்டும்போது மற்றவர் பொறுத்திருத்தல் வேண்டும். இருவரும் ஒருங்கே தட்டினால் எழுத்துக் குழம்பும். தன் முறை முடிந்ததும் 'இனி நீர் கூறும்' என்னும் பொருள்பட 'ஜீ ஏ' என்று தட்டுவர். உரையாடலை முடிப்பதற்கு 'எஸ் கே' என்று தட்டுவர். அழைப்பு மணி காதிற் படாதாகையால், மணிக்குப் பதிலாக விளக்கொன்று மின்னி மின்னி எரியுமாறு செய்தனர்.

பெட்டி கிடைத்தது; பொறிகளுக்கு எங்கே போவது? புதுப் பொறி வாங்கச் சாதாரண குடும்பத்தாற் சாலாது. பெருங் கம்பனிகள் கழித்துவிட்ட பழைய பொறிகளே தஞ்சம். அவற்றை அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனி 1968ஆம் ஆண்டிலே செவிப்புலனற்றோர்க்கு வழங்க இசைந்தது. தனியொருவரால் தூக்கவியலாத அந்த இரும்புப் பொறிகளைச் செவிப்புலனற்ற தொண்டர்கள் தாமே ஏற்றி இறக்கி, பழுது நீக்கி, வீடு வீடாகக் கொண்டுபோய் வைத்தனர். அதே 1968ஆம் ஆண்டிலே, பிறர் செய்த கருவிகளைத் தொலைபேசி அமைப்போடு இணைக்கலாம் என்று அந் நாட்டு அரசாங்க ஆணைக்குழுவும் தீர்ப்பளித்தது.

இனிக் கணினிக்கு வருவோம். கணினியின் உள்ளே உள்ளவை ஒன்றும் பூச்சியமுமாகிய குறிகளே. அவற்றைச் சுரங்களாக்கித் தொலைபேசிக் கம்பியில் விடுவதும், வந்த சுரங்களை மீண்டும் குறிகளாக்குவதுமே மோடத்தின் தொழில். இவ்வாறு பார்க்கும்போது வைற்பிறெக்றின் பெட்டியும் ஒரு மோடமே என்பது விளங்கும். 1980ஆம் ஆண்டுகளிலே வீடுகளிற் கணினியும் மோடமும் புகுந்தபோது, செவிப்புலனற்றோர்க்கு இதனினும் சிறந்த தொலைபேசி வேறில்லை என்றே தோன்றியது. இருவர் தத்தம் கணினியிலிருந்து மோடத்தின் வழியாக ஒருவரையொருவர் அழைத்தால், ஒருவர் தட்டுவது மற்றவர் திரையிலே தோன்றும். பழைய பொறி விநாடிக்கு ஆறு எழுத்தை அனுப்ப, அக்காலச் சாதாரண மோடம் முப்பது எழுத்தை அனுப்பும். அழைப்பவர்க்கு இரு சுரமும் ஏற்பவர்க்கு வேறிரு சுரமும் இருந்தமையால் இருவரும் ஒரே நேரத்திற் தட்டலாம். பேரெழுத்து, சிற்றெழுத்து, இலக்கம் யாவுந் தனித்தனிக் குறியாக வரும். தாளும் வேண்டியதில்லை.

ஆயினும் செவிப்புலனற்றோர் பெரும்பான்மையோர் பழைய முறையை விட்டு வரவில்லை. ஏன்?

அவர்கள் புதுமையை வெறுத்தவரல்லர். காரணம் மிக எளியது. மறுமுனையில் இருந்தவர் பழைய பொறியையே வைத்திருந்தார். கணினி பேசியது அஸ்கி எனப்படும் ஏழு குறி கொண்ட வேறொரு குறிமுறை. அதன் சுரங்களும் வேறு. மேலும் சாதாரண மோடம், தொடர்பு நிலைத்திருக்கும்வரை இடைவிடாது ஒரு சுரத்தை ஒலித்துக்கொண்டேயிருக்கும். எதிர்முனையிலும் அத்தகைய சுரத்தை எதிர்பார்க்கும். பழைய பொறியோ எழுத்துத் தட்டும்போது மாத்திரம் ஒலித்து, மற்றைப் பொழுது மௌனமாயிருக்கும். அம் மௌனத்தைக் கேட்ட மோடம், அங்கே ஒருவருமில்லை என்று எண்ணித் தொடர்பை அறுத்துவிடும். இரு கருவிகளும் எழுத்தையே அனுப்பின. ஒரே கம்பியிலேயே அனுப்பின. எனினும் ஒன்றுக்கொன்று ஊமையாயின.

ஒரு தாய் தன் மகளோடு பேச விரும்புகின்றாள். அவளிடம் விரைவான கணினி உண்டு. மகளிடமோ பழைய பொறி. தாயின் கணினி எத்துணைச் சிறந்ததாயினும் அவ்விரவு அதனாற் பயன் என்ன? தொலைபேசி என்பது தனியொருவர் உடைமையாகப் பயன் தருவதன்று. மறுமுனையில் மறுமொழி கூறுபவர் எத்துணைப் பேரோ, அத்துணையே அதன் பெறுமதி. அவசரத்திற்கு அழைக்கும் பொலிஸ் நிலையத்திலும் வைத்தியசாலையிலும் எந்தக் கருவி இருக்கின்றதோ, அதுவே உயிர் காக்கும் கருவி.

இதனை உணர்ந்தவர்கள் இரண்டு வழிகளைக் கண்டனர். ஒன்று கருவியின் வழி. இரு குறிமுறைகளையும் அறிந்த மோடங்கள் செய்யப்பட்டன. வந்த சுரத்தைக் கேட்டு, பழைய பொறியாயின் பழைய மொழியிலும் கணினியாயின் புது மொழியிலும் அவை விடையிறுக்கும். ஐரோப்பாவிலே நாட்டுக்கொரு முறை வழங்கிற்று. அவற்றையெல்லாம் ஒரே மோடம் இனங்கண்டு பேசுமாறு 1994ஆம் ஆண்டிலே வீ 18 என்னும் சர்வதேச நியமம் வகுக்கப்பட்டது.

மற்றொன்று மனிதர் வழி. எழுத்துப் பொறியோ கணினியோ இல்லாத கடைக்காரரை அழைப்பது எப்படி? இடையிலே ஓர் அலுவலர் அமர்ந்து, ஒருவர் தட்டியதை மற்றவர்க்கு வாசித்தும், மற்றவர் பேசியதை இவர்க்குத் தட்டியும் உதவுவார். இதனை அஞ்சல் சேவை என்க. 1990ஆம் ஆண்டிலே நிறைவேறிய அமெரிக்க மாற்றுத்திறனாளர் சட்டம், 1993ஆம் ஆண்டு ஜூலை மாதத்திற்குள் நாடு முழுவதும் இரவும் பகலும் இச் சேவை நடைபெறல் வேண்டுமென விதித்தது. தொண்டாக இருந்தது உரிமையாயிற்று. பத்து வயதுப் பிள்ளையின் தோளிலிருந்த சுமையும் இறங்கிற்று.

ஆனால் இக் கதை அத்துடன் முடியவில்லை. தொலைபேசி பின்னர் எண்முறைக்கு மாறியது. இணையத்தின் வழியாகவும் கைத்தொலைபேசி வழியாகவும் குரலை அனுப்பும்போது, இடத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் குரலைச் சுருக்கி அனுப்புவர். அச் சுருக்கம் மனிதக் குரலுக்கென்று வகுக்கப்பட்டது. செவிப்புலனற்றோரின் சுரங்கள் அதில் அகப்பட்டு உருக்குலைந்து, எழுத்துக்கள் பிழையாய் விழுந்தன. காதுள்ளவர்க்குத் தெளிவான கம்பி, இவர்க்கு மீண்டும் மங்கியது. ஆகவே 2016ஆம் ஆண்டு திசம்பர் மாதத்திலே, தட்டுந்தோறும் எழுத்தெழுத்தாக உடனுக்குடன் செல்லும் புதிய முறையொன்றைக் கைத்தொலைபேசிகளில் வழங்க அமெரிக்க ஆணைக்குழு விதி செய்தது. அதிலே ஒரு நிபந்தனை உண்டு. புது முறை பழைய பொறியோடும் பேசக்கூடியதாய் இருத்தல் வேண்டும் என்பதே அது. முன்னைய அனுபவம் வீண்போகவில்லை என்பதற்கு அந் நிபந்தனையே சான்று.

இன்று செவிப்புலனற்றோர் பலர் கைத்தொலைபேசியிலே குறுஞ்செய்தி அனுப்புகின்றனர். திரையிலே முகம் பார்த்துச் சைகை மொழியாற் பேசுகின்றனர். சைகையே தாய்மொழியாய் உள்ளவர்க்கு இது பெரும் பேறு. அந்தப் பழைய பொறிகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன.

பொறிகள் மறையலாம்; அவை கற்பித்த பாடம் மறைதலாகாது. புதிய கருவியொன்று வரும்போதெல்லாம் அதன் வேகத்தையும் விலையையும் விசாரிக்கின்றோம். மூன்றாவதாக ஒரு வினாவையும் வினாவுதல் வேண்டும். இதனால் எவருடைய வாயில் அடைபடும்? பாடசாலையிலே ஒரு புதுப் புத்தகத்தை வகுக்கும்போதும், காரியாலயத்திலே ஒரு விண்ணப்ப முறையை மாற்றும்போதும், இவ் வினா பொருந்தும். தொலைபேசியைச் செய்தவர் செவிப்புலனற்றோரை நேசித்தவரே. நேசம் மாத்திரம் அவர்க்கு வழி திறக்கவில்லை. அவர்களே முன்வந்து தம் தேவையைக் கூறியபோதும், கூறியதைச் சட்டமும் கைத்தொழிலும் செவிமடுத்தபோதுமே வழி திறந்தது.

காது கேட்பவர் கடமை அச் செவிமடுத்தலே.