புதரும் புல்வெளியும்

நந்தனத்தில் என் வீட்டுத் தோட்டத்தில் பகலில் அணிலும், இரவில் மூஞ்சூறும் உலவக் காண்கிறேன். மூஞ்சூறு எலியன்று, பூச்சி தின்னும் வேறோர் இனம்.

அடையாற்றைக் கடந்து தெற்கே சென்றால் கிண்டி வனம். 1978-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற அச்சிறு வனத்துள் முட்புதர்க் காடும் உண்டு. போலோ மைதானம் எனப்படும் புல்வெளியும் உண்டு. மரநாய் பகலெல்லாம் மரத்தில் உறங்கி, இரவில் கனி தேடும். கருங்கழுத்து முயலுக்கோ இரண்டும் வேண்டும்: பதுங்கப் புதர், மேயப் புல். வெள்ளெலி பொதுவாகத் திறந்த நிலத்தில் வளை தோண்டி வாழ்வது.

புல்வெளியைத் தரிசென்று கருதி எங்கும் மரம் நட்டால், நாம் மகிழ்வோம். முயல் எங்கே மேயும்? மரக்கன்றுடன் புறப்படும் மாணவர்களே, முதலில் அங்கே வளைகளையும் முயற்புழுக்கைகளையும் தேடிப் பாருங்கள்.