பின் சீட்டும் நான்கு போல்ட்டும்

(காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் நம் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர்த் தொட்டிக் கணக்குக்கும் லிஃப்ட் பராமரிப்புக்கும் நடுவில் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நம் பார்க்கிங்கில் இப்போது தார், ஜிப்ஸி, பழைய ஜீப் என்று நான்கு வண்டிகள் நிற்கின்றன. அதில் இரண்டு பேர், பின் சீட்டை மாற்றலாமா என்று என்னிடம் கேட்டார்கள். நான் மாற்றியவன். மாற்றிப் பட்டவன். அதனால்தான் பேசுகிறேன்.

என்னுடையது பழைய மாடல் தார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மஹிந்திரா அதை 2010ல் கொண்டு வந்தபோது பின்னால் இரண்டு பக்கமும் நீள பெஞ்ச் வைத்தார்கள். எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார வேண்டும். 1985ல் வந்த மாருதி ஜிப்ஸியிலும் அப்படித்தான். வயலுக்கும் காட்டுக்கும் போகிற வண்டிக்கு அது வசதி. மூட்டை ஏற்றலாம், ஆளும் ஏறலாம். ஆனால் போளூர் தாண்டி ஜமுனாமரத்தூர் மலை ஏறும்போது பக்கவாட்டில் உட்கார்ந்த என் பேரனுக்கு மூன்றாவது வளைவிலேயே வாந்தி. பெல்ட்டும் கிடையாது. முன்னால் பார்த்த மாதிரி ஒரு சீட் போட்டுவிட்டால் இரண்டு பிரச்சினையும் தீரும் என்று நினைத்தேன்.

வெளியூரில் ஒரு கடை. பெயர் வேண்டாம். 28,000 ரூபாய். அவர் ரெக்ஸின் கலர் ஏழு காட்டினார், நான் அரை மணி நேரம் கலர் பார்த்தேன். ஆரணிப் பட்டு எடுக்கப் போனால்கூட வீட்டில் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. போல்ட் எங்கே பிடிக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் சீட் தயார், பெல்ட்டும் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அதே மலைப் பாதை. ஒரு மாடு குறுக்கே வந்தது, பிரேக் அடித்தேன். மோதவில்லை, பிரேக் மட்டும்தான். பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். சீட் அப்படியே முன்னால் சாய்ந்து, பேரன் பெல்ட்டோடு என் சீட்டின் முதுகில் வந்து மோதினான். உதட்டில் இரண்டு தையல். அதோடு போயிற்று.

வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கீழே பார்த்தேன். தரைத் தகட்டில் நான்கு ஓட்டை போட்டு, சின்ன வாஷர் வைத்து முடுக்கியிருந்தார்கள். சேஸிஸ் சட்டத்தை ஒரு போல்ட்டும் தொடவில்லை. கரடுமுரடான பாதையில் சீட் ஆடி ஆடி ஓட்டையைச் சுற்றித் தகடு விரிந்திருந்தது. பின்பக்கத்து இரண்டு வாஷரும், சட்டை ஓட்டை பெரிதானால் பட்டன் வெளியே வருமே, அப்படி வந்துவிட்டன. அதைவிடப் பெரிய தப்பு, பெல்ட்டைச் சீட்டின் சட்டத்திலேயே மாட்டியிருந்தார்கள். கம்பெனி வண்டியில் அப்படி இருந்தால், சீட்டும் அது பிடிக்கும் இடமும் அந்தப் பாரத்துக்கென்றே செய்திருக்கும். இங்கே பிள்ளையின் பாரம், சீட்டின் பாரம் எல்லாம் அந்த நான்கு ஓட்டைக்குத்தான். சீட் பெயர்ந்தால் பெல்ட்டும் கூடவே வரும்.

இடுப்பு பெல்ட் மாட்டும் இடம் எவ்வளவு தாங்க வேண்டும் தெரியுமா? ஐ.நா.வின் 14ஆம் எண் வாகன விதிப்படி, கார்களுக்கு, ஒரு ஆளுக்கு 22,250 நியூட்டன் இழுத்துச் சோதிக்கிறார்கள். ஏறக்குறைய 2,250 கிலோ தொங்கவிடுகிற மாதிரி. இவ்வளவா என்று எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதுவது, சுமார் 6.3 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். நம் இரண்டாவது மாடி பால்கனி. அங்கே குழந்தை கம்பியில் ஏறினால் நாம் எப்படிக் கத்துவோம்!

சட்டம் பற்றிக் கேட்டார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்து ஆர்.சி.யில் ஏறிய விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட உண்டு. சீட் எண்ணிக்கை ஆர்.சி.யில் இருக்கிற விவரம். "நான் குறைத்துத்தானே இருக்கிறேன் சார்" என்று பி பிளாக் தம்பி கேட்டார். குறைத்தாலும் மாற்றம் மாற்றம்தான் தம்பி, ஆர்.டி.ஓ. ஆபீசில் முதலில் கேளுங்கள், கடையில் அல்ல. விபத்து என்று வந்தால் காப்பீட்டுக் கம்பெனி முதலில் புரட்டுவது அந்த ஆர்.சி.யைத்தான்.

இன்னொன்று. பின் சீட்டில் பெல்ட் எதற்கு என்று இன்றும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் சைரஸ் மிஸ்திரி இறந்தது பின் சீட்டில். பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது. நம் விதி 138, முன்னோக்கிய பின் சீட்டுக்கு பெல்ட்டைக் கட்டாயமாக்குகிறது. பக்கவாட்டு பெஞ்சைப் பற்றி அந்த வரி பேசவில்லை. பேசவில்லை என்பதற்காக அது பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் என்ன செய்தேன் என்றால், அந்தச் சீட்டைக் கழற்றிவிட்டுப் பழைய பெஞ்சையே மாட்டினேன். ஓட்டைகளுக்கு வெல்டிங். பின்னால் இப்போது உர மூட்டை மட்டும்தான் ஏறும். பிள்ளைகள் மலைக்கு வந்தால் மகனின் காரில் வருகிறார்கள். மருமகள் கணக்கில் இன்னும் நான் குற்றவாளிதான், அது தனிக் கதை.

புதிதாக வாங்கப் போகிறவர்கள், கம்பெனியிலேயே முன்னோக்கிய பின் சீட் உள்ள வண்டியாகப் பாருங்கள். 2020ல் வந்த புதிய தாரில் அது இருக்கிறது. குழந்தை சீட் மாட்டும் ஐசோபிக்ஸ் கொக்கியும் உண்டு. அந்த ஆண்டு நவம்பரில் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நான்கு நட்சத்திரம் வாங்கியது.

ஏற்கெனவே சீட் மாற்றியவர்கள் ஞாயிறு காலை ஏழு மணிக்கு பார்க்கிங்குக்கு வண்டியை எடுத்து வாருங்கள். கீழே படுத்துப் பார்த்துச் சொல்கிறேன். பழைய பாய் ஒன்றும் டார்ச்சும் வேண்டும். என் டார்ச்சை வாட்ச்மேன் வாங்கிப் போய் ஒரு மாதம் ஆகிறது.