கழித்த கருவியும் கதிரவனும்



உங்கள் வீட்டு மொட்டைமாடியை ஒருமுறை நோக்குங்கள். செயற்கைக்கோளிலிருந்து தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பெறுவதற்கென்று வாங்கிய டிஷ் ஒன்று அங்கே துருவேறி நிற்கலாம். கண்ணாடியிழைக் கம்பி வழியே நிகழ்ச்சிகள் வரத் தொடங்கிய வீடுகள் பலவற்றில் இன்று அதற்கு வேலையில்லை. நாளை அது காயலான் கடைக்குப் போய்விடும். போகுமுன் அதனைக் கொண்டு யாது செய்யலாம் என்பதையே இன்று கூற விழைகிறேன்.

அதற்குமுன் என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பழைய டிஷ் ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தான். "ஐயா, பங்குனி பிறக்கிற நாட்களில் முற்பகல் வேளையில் சில நிமிடம் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் படம் உடைகிறது. டிஷ் சூரியனைப் பார்த்துவிடுகிறதா ஐயா?" என்று கேட்டான். "கம்பி தளர்ந்திருக்கும். இந்தக் குப்பையைப் பள்ளிக்குள் கொண்டு வராதே" என்று அவனைத் திருப்பி அனுப்பினேன். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை.

ஓய்வு பெற்ற பின், எங்கள் மாடியிலிருந்து கழற்றிய டிஷ்ஷைக் கண்டபோது அவன் நினைவு வந்தது. என் பேரனைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன்.

டிஷ் என்பது வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஒரு புள்ளியில் குவிக்கும் கிண்ணமே. அதன் முன்னே நீண்டிருக்கும் கரத்தின் நுனியில் உள்ள சிறு பெட்டியை எல்.என்.பி. என்பர். குவிந்த அலைகளைப் பெருக்கி, கம்பியில் செல்லத்தக்க குறைந்த அதிர்வெண்ணுக்கு மாற்றித் தருவது அதன் தொழில். டிஷ்ஷைச் செயற்கைக்கோளின் பக்கம் திருப்பிப் பொருத்துவோர் சாட்டிலைட் ஃபைண்டர் என்னும் முள் மீட்டரைப் பயன்படுத்துவர். அது சிறு விலைக்குக் கிடைக்கும். எல்.என்.பி.யின் கம்பியை மீட்டரின் ஒரு முனையில் இணைத்தோம். 12 பென்சில் பாட்டரிகளைத் தொடராக அடுக்கி, 18 வோல்ட் மின்சாரத்தை மறுமுனையில் கொடுத்தோம். கருவி ஆயத்தமாயிற்று.

முதலில் வெறும் வானத்தை நோக்கித் திருப்பி, முள் தாழ்ந்து நிற்குமாறு மீட்டரின் குமிழைத் திருகினோம். பிறகு டிஷ்ஷைச் சுவரின் பக்கம் திருப்பினோம். முள் எழுந்தது! சுவர் ஒலிபரப்புச் செய்கிறதா என்று பேரன் வியந்தான். வெப்பமுள்ள பொருள் ஒவ்வொன்றும் சிறிதளவேனும் ரேடியோ அலைகளை வெளியிடுகிறது. வானத்தைவிடச் சுவர் வெப்பம் மிகுந்தது. அதனையே முள் காட்டிற்று.

அடுத்து, காலை 9 மணியளவில் டிஷ்ஷின் முகத்தைச் சூரியனுக்கு நேராகத் திருப்பினோம். முள் அசையவில்லை. வீட்டு டிஷ் தன் முகம் காட்டும் திசையைப் பார்ப்பதில்லை, அதற்கு 20 பாகைக்கும் மேலாக உயர்ந்த திசையையே பார்க்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தோம். டிஷ்ஷைச் சிறிது சிறிதாகக் கவிழ்த்தோம். முள் துள்ளி எழுந்தது.

"தாத்தா, இது சூரியனா? ஏதேனும் செயற்கைக்கோளாக இருக்கக் கூடாதா?" என்று பேரன் கேட்டான். இம்முறை, "தெரியாது, சோதித்துப் பார்ப்போம்" என்றேன். டிஷ்ஷை அசையாது நிறுத்தி, நிமிடத்திற்கு ஒருமுறை முள்ளின் நிலையைக் குறித்தோம். தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நமக்கு ஒரே இடத்தில் நிற்பனவாகத் தோன்றுபவை. சூரியனோ மணிக்கு 15 பாகை நகர்வது. சில நிமிடங்களில் முள் தாழத் தொடங்கிற்று. கால் மணிக்குள் பழைய இடத்திற்கே வந்துவிட்டது. ஆகவே, அது சூரியனே.

கழித்த கருவியால் பயன் உண்டோ என ஐயுறுவோர் நம் நாட்டு வரலாற்றை நோக்குக. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கு அருகில் பாட்ஸ் ஹில் என்ற இடத்தில், சூரியனை ஆராயப் பயன்பட்ட சுமார் 1.8 மீட்டர் அகலமுள்ள 32 டிஷ்கள் இருந்தன. அவை கழிக்கப்பட இருந்த தறுவாயில், அங்குப் பயிற்சி பெற்றுவந்த கோவிந்த் ஸ்வரூப் என்ற இளைஞர், அவற்றை இந்தியாவுக்குத் தருமாறு வேண்டினார். தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் தலைவராயிருந்த நம் தமிழர் கே. எஸ். கிருஷ்ணன் அதற்கு ஆதரவளித்தார். அந்த 32 டிஷ்களையும் கொண்டு 1965-இல் மும்பையை அடுத்த கல்யாணில் ஒரு ரேடியோ தொலைநோக்கி எழுந்தது. அதே ஸ்வரூப்பின் தலைமையில் 1970-இல் உதகையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட பெருந்தொலைநோக்கி அமைந்தது. கானா நாட்டிலும், கடலடிக் கம்பிகளால் வேலையிழந்த 32 மீட்டர் செயற்கைக்கோள் டிஷ் ஒன்றைத் திருத்தி, 2017-இல் ரேடியோ தொலைநோக்கியாகத் தொடங்கி வைத்தனர்.

நீங்களும் முயலுங்கள். ஆனால், பெரியவர்களின் துணையின்றிக் கைப்பிடிச் சுவரிலோ மின்கம்பியருகிலோ ஏறலாகாது. சூரியனை வெறுங்கண்ணால் நோக்கலாகாது. டிஷ்ஷில் பளபளக்கும் தாளையோ கண்ணாடியையோ ஒட்டலாகாது. குவிந்த வெயில் கண்ணையும் கையையும் சுட்டுவிடும்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் நம் ஊர்களிலிருந்து பார்க்கையில், சில நிமிடம் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர்ப்பின்னே வந்து நிற்கிறது. அப்போது அதன் ரேடியோ இரைச்சலில் செயற்கைக்கோளின் மெல்லிய அலை அமிழ்ந்து போகிறது, படம் உடைகிறது. சைக்கிளில் டிஷ்ஷைக் கட்டி வந்த அம்மாணவன் இன்று எங்கிருக்கிறானோ, அறியேன். இதனை அவன் கேட்டுக்கொண்டிருப்பின், அன்று நான் சொல்லத் தவறிய விடையை இன்று சொல்லிவிடுகிறேன்: ஆம் தம்பி, உன் டிஷ் சூரியனைத்தான் பார்த்தது.