கண்ணழுத்தமும் நோன்பு நாட்களும்



விழிக்குள் ஓயாது ஊறும் நீர் வடியும் வழி தடைப்பட்டால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. பார்வை நரம்பு சிறிது சிறிதாக நலிகிறது. பெரும்பாலும் வலி இராது. முதலில் குறைவது பக்கப் பார்வையே. போடிமெட்டுச் சரிவில் ஏலத்தோட்டத்திற்கு நடக்கும் முதியவர், காலருகே உள்ள கல்லைக் காணாது இடறினால், வயதின்மேல் பழி போடுவார். போடிநாயக்கனூர்க் கடைவீதியில் இருப்பவரோ கண்புரை என்றெண்ணி, அது முற்றட்டும் என்று காத்திருப்பார். புரை மறைத்த பார்வை அறுவையால் மீளும். நரம்பு நலிந்து இழந்த பார்வை மீளாது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் 1995 முதல் 1997 வரை தென்மாவட்டங்கள் மூன்றில் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன 5,150 பேரை ஆராய்ந்தனர். நூற்றுக்கு 2.6 பேருக்கு இந்நோய் இருந்தது. சென்னை சங்கர நேத்ராலயா பின்னர் நடத்திய ஆய்வில், இந்நோயின் பரவலான வகை சிற்றூர்களில் நூற்றுக்கு 1.6 பேருக்கும், மாநகரில் 3.5 பேருக்கும் காணப்பட்டது. இரண்டிடத்தும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். மருத்துவமனை அருகில் இருந்தும் மாநகரத்தார் அறியவில்லை என்பதே வியப்பு!

அழுத்தம் இயல்பளவில் இருந்தும் நரம்பு நலிந்தோர் உண்டு. ஆகவே அழுத்தம் அளந்ததோடு எழுந்து வராமல், நரம்பையும் பார்க்கச் சொல்லுதல் வேண்டும். வயது முதிர்ந்தோர், பெற்றோர் அல்லது உடன்பிறந்தாருக்கு இந்நோய் உள்ளவர்கள், கிட்டப்பார்வை மிகுந்தோர் ஆகியோர்க்கு இடர் கூடுதல். கண் சிவந்தால் மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் அழுத்தத்தை ஏற்றும்.

நம் இல்லங்களில் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். தசலட்சண நாட்களில் உபவாசம் இருப்போர், உணவோடு சொட்டு மருந்தையும் விட்டுவிடலாகாது. நாள்தோறும் இட்டால்தான் அழுத்தம் அடங்கும். மருந்தை இட்டபின் கண்ணை மூடி, மூக்கையொட்டிய கண்முனையை இரண்டு நிமிடம் அழுத்தினால், அது தொண்டைக்கு இறங்குவது பெரிதும் குறையும். இரவு மருந்தைப் பொழுது சாயுமுன் இடலாமா என்று மருத்துவரைக் கேட்டால் அவர் வழி சொல்வார். பாரணையின்போது நீரை ஒரே மூச்சில் மிகுதியாகப் பருகினால் அழுத்தம் சற்று நேரம் உயரும். சிறிது சிறிதாகப் பருகுக.

தேனியில் அரவிந்த் மருத்துவமனை 1985 முதல் இயங்குகிறது. சோதனைக்காகக் கண்மணியை விரிக்கும் மருந்திட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். மலைக்குத் திரும்புவோர் துணையோடு செல்க.